டெஸ்கார்கா

"போன்ல என்னடா சொன்ன? இன்னிக்கு தொமாசா வீட்டுல டெஸ்கார்கான்னுதானே? டெஸ்கார்கான்னா சரக்கு இறக்குறது. என்ன சரக்கு, புரட்சிக்காரனுங்க துப்பாக்கியா?"

தொமாசா வீட்டுக் கூடத்தில், ஹவானா போலீஸ் சார்ஜென்ட் பரேரா துப்பாக்கிக் கட்டையால் மேளக்காரன் எவேலியோவின் வாயிலேயே இடித்தான். எவேலியோ இரண்டு பல்லைத் துப்பினான்.

"எங்க பாஷைல அதுக்கு வேற அர்த்தம், சார்ஜென்ட். நாலு பேர் கூடி, மனசுல வர்றதையெல்லாம் வாசிச்சுத் தீர்க்குறது."

"எங்க, வாசிச்சுத் தீரு பார்ப்போம். பொய்னு தெரிஞ்சுது, விரலை ஒவ்வொண்ணா ஒடிப்பேன்."

ரத்தம் சொட்டச் சொட்ட எவேலியோ மேளத்தில் அறைந்தான். பியானோவும் டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டன. யாரும் நிறுத்தவேயில்லை. கொஞ்ச நேரத்தில் பரேராவின் பூட்ஸ் தாளம் போட்டது. கொல்லைப்புறத்தில் காவல் நின்ற சிப்பாய்களும் உள்ளே வந்து இடுப்பை ஆட்டினார்கள்.

"இதை முதல்லயே வாசிச்சுத் தொலைக்கிறதுக்கென்ன, கழுதை? பல்லாவது மிஞ்சியிருக்கும்." ரம்மை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பரேரா ஆட்களோடு கிளம்பினான்.

ஜீப் சத்தம் தேய்ந்ததும், வீட்டுக்காரி தொமாசா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையெல்லாம் துப்பாக்கி எண்ணெய்.

"அவன் சொன்ன டெஸ்கார்காவும் முடிஞ்சுது, எவேலியோ. லாரி காலி."