கைக்குக் கை

பேச்சிமுத்துவின் மடக்குக் கத்தி அசல் வேட்டைக் கத்தி. ஆனால் அது இதுவரை வேட்டையாடியது கொல்லைக் கொய்யாவை மட்டும்தான். மரப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளை. விரித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், பிடியின் முதுகை அழுத்தினால்தான் மடங்கும். அதை அவர் துடைத்து எண்ணெய் போடும் அழகைப் பார்த்து, "என்னையும் இப்படிப் பாத்துக்கிட்டா என்னவாம்?" என்று மனைவி தவமணி வம்புக்கு இழுப்பாள். உடனே சண்டை மூளும். ஆனாலும் கத்தியை மட்டும் அவர் கைக்குக் கை கொடுக்கமாட்டார்; கொடுத்தால் சண்டை வருமாம். தரையில் வைப்பார், அவள் எடுத்துக்கொள்வாள்.

பக்கவாதம் வந்து அவருடைய வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. இன்று தவமணி கத்தியை விரித்து, கொய்யாவோடு அவர் முன்னால் வைத்தாள். இடக்கையால் கோணல்மாணலாக நறுக்கினார். ஒற்றைக் கையால் கத்தியை மடக்க வரவில்லை. வழக்கம்போல் தரையில் வைக்கக் குனிந்தார்.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். "கையிலயே குடுங்க."

அவர் பதறிப்போய்த் தலையை ஆட்டினார்.

"சண்டைதானே வரும்? வரட்டும். நீங்க திட்டிக் கேட்டு எத்தனை நாளாச்சு!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு கத்தியைத் தொடைமேல் வைத்து மெல்லத் திருப்பி, அலகைத் தான் பிடித்துக்கொண்டு பிடியை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கி, அழுத்தி மடக்கி, மடியில் முடிந்துகொண்டாள்.

அவர் உதடு கோணி அசைந்தது. தவமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பதிலுக்குப் பதில் கொடுக்கத் தயாராக, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.