வெள்ளிமலைப் பந்தயம்

“சைக்கிள்ல என்னை முந்தறவரைத்தான் கட்டிக்குவேன்” என்று சொல்லியே மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தாள் நர்மதா. நான்காவதாக வந்த இளம்பரிதி, கோமுகி அணையிலிருந்து வெள்ளிமலைக்குப் புறப்பட்டு முதல் கொண்டை ஊசி வளைவிலேயே நாக்குத் தள்ளி நின்றுவிட்டான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கியரை மாற்றிக் காட்டுச் சாலையில் ஏறிப் போனாள்.

வெள்ளிமலை டீக்கடையில் அப்பா பகலவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பக்கத்தில் இளம்பரிதி!

“எப்பங்க என்னைத் தாண்டினீங்க?”

“காட்டுக்குள்ள ஒரு குறுக்கு வழிங்க...” அவன் டீ கிளாஸைப் பார்த்தபடி சொன்னான்.

“இன்னாம்மா, தோத்துட்ட இல்ல? இனிமே தட்டிக் கழிக்க முடியாது” என்றார் அப்பா.

“தோத்தது தோத்ததுதாம்ப்பா. தேதி பாருங்க.” முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் போய் போனை எடுத்தாள்.

“கரியண்ணா, சொன்ன வளைவுல லாரிய நிறுத்தினீங்களா?”

“நிறுத்தினேம்மா. மரவள்ளி ஏத்தப் போற காலி வண்டி, வர்றீங்களான்னு கேட்டு முடிக்கல, சைக்கிளோட ஏறித் தார்ப்பாய்க்கு அடியில படுத்துக்கினாரு. ஊருக்கு முன்னாடியே எறக்கி வுட்டுட்டேன். ஆமா, மத்த மாப்பிள்ளைங்களுக்கு ஏம்மா வண்டி அனுப்பல?”

“அவங்கள எனக்குப் புடிக்கலியே!”

“அந்தப் பொண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு ஒரே கெஞ்சல்மா.”

“தெரியாதுண்ணா” என்றாள் நர்மதா. “பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் தெரியாது.”