மேலிடத்துச் சம்பந்தம்

"மூணாவது தடவையா வர்றான். இன்னைக்காவது நம்ம வீட்டுல கை நனைப்பானா, மாட்டானான்னு உங்க மகளைக் கேளுங்க!"

சூடான கல்லில் ஓட்ஸ் ரொட்டியைப் புரட்டியபடியே கணவரிடம் பொரிந்தாள் சோர்ச்சா.

"பையனுக்குக் கூச்சமா இருக்கும்" என்றார் ஃபெலிம், புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலே.

"கூச்சமாவது, மண்ணாவது! போன தடவை வயித்துவலின்னான். அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை விரதம்னான். அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை! அவங்க மேலே, நாம கீழே. அந்த நினைப்புதானே? மேலிடத்துச் சம்பந்தம்னா இப்படித்தான்."

அவர்களின் ஒரே மகள் மூரின் தட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். கால்வே நகரத்து வசந்தகாலச் சந்தையில் கொல்மன் பிடில் வாசித்தான். கூட்டத்திலிருந்து விலகி வந்து இவள் ஆடினாள். அன்று தொடங்கியது இந்தக் காதல். ஆனால், மூன்று முறை வந்தும் உண்ணாமல் போகிறவனுக்கு நான்காம் முறை கதவு திறப்பதில்லை என்பது அந்த வீட்டாரின் பழைய வழக்கம். இன்றும் அவன் சாப்பிடாமல் எழுந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

கொல்மன் குனிந்து உள்ளே வந்தான். தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, பிடிலைச் சுவரோரம் சாய்த்தான்.

"வாங்க தம்பி. வயிறு இப்ப எப்படி இருக்கு?" சோர்ச்சா விசாரித்தாளா, குத்திக் காட்டினாளா என்று சொல்வது கடினம்.

"தேவலைங்க."

"அப்ப உட்காருங்க."

வெண்ணெய் உருகி வழியும் ரொட்டி, தேன், ஒரு குவளை மோர். கொல்மன் எச்சில் விழுங்கினான்.

"அது வந்து... பொண்ணு வீட்டுல தண்ணிகூடத் தொடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க."

"அப்படிச் சொல்லுங்க! நாங்கன்னா உங்கம்மாவுக்கு அவ்வளவு இளக்காரமா?"

"இளக்காரம் இல்லைங்க. பயம்."

"என்ன பயம்? என் சமையலைச் சாப்பிட்டு யாராவது செத்திருக்காங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தர்கூட இல்லை" என்று பெருமையோடு சாட்சி சொன்னார் ஃபெலிம்.

மூரின் சட்டென்று தட்டை அவனிடமிருந்து நகர்த்தினாள்.

"அம்மா, வற்புறுத்தாதீங்க. கொல்மன், நீ சாப்பிடாதே. உங்கம்மாவுக்கு நீ ஒரே பிள்ளை. எழுந்து போ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"போனா மறுபடி வர முடியாதே?"

"முடியாது."

"சாப்பிட்டா?"

"வீட்டோட மாப்பிள்ளை!" ஃபெலிம் முந்திக்கொண்டார். "அதுவும் எங்க வழக்கம்தான்."

கொல்மன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீயும் சாப்பிடுன்னு சொல்லியிருந்தா, இந்நேரம் எழுந்து போயிருப்பேன் மூரின்" என்று சொல்லிக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

முதல் வாயை மென்று விழுங்கும்வரை அந்த வீட்டில் எவரும் மூச்சு விடவில்லை.

"எப்படி இருக்கு?" சோர்ச்சாவின் குரல் முதன்முறையாகத் தணிந்திருந்தது.

"இன்னொண்ணு வைங்க, அத்தை."

"அத்தையா! ஏங்க, கேட்டீங்களா? மோரையும் குடிங்க மாப்பிள்ளை!"

கையைத் துடைத்துக்கொண்டு கொல்மன் பிடிலை எடுத்தான். மூரின் ஆட எழுந்தாள். அவன் நுழைந்து வந்த வாசல் ஓசையின்றி மூடி மண்சுவராக மாறியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே, ஒற்றை முள்மரம் நின்ற புல்மேட்டின் உச்சியில், கொல்மனின் தாய் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்துக் கேட்டாள். மண்ணுக்கு அடியில் வாழும் தேவதைகளின் வீட்டில் ஒரு வாய் உண்ட மனிதன் மேலே திரும்புவதில்லை என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"சாப்பிட்டுட்டியா, பாவி!" என்று கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள். கீழிருந்து வந்த கல்யாண இசைக்கு அவள் கால் மட்டும் அவளை அறியாமல் தாளம் போட்டது.