பதிவாகாத பெயர்

"அண்ணா, என் புரோகிராம்ல தப்பு இருக்கு. ரெண்டு பிள்ளைங்க பேர் கொடுத்தா, ஒண்ணுதான் பதிவாகுது."

புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் தன் நாற்காலியை அவள் மேசைப் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். ஓய்வு பெறுகிறவர்கள் குடும்ப விவரங்களை நிரப்பி அனுப்பும் இணையப் படிவம் அது. அவள்தான் எழுதியிருந்தாள். ஒருவர் அனுப்பினால், அவருடைய பதிவோடு மனைவி, பிள்ளைகள் பதிவுகளும் சேர்ந்தே சேமிக்கப்பட வேண்டும்.

அவர் மூன்று பிள்ளைகளோடு ஒரு போலிப் படிவத்தை அனுப்பிப் பார்த்தார். மூன்று பேரும் ஒழுங்காகப் பதிவானார்கள்.

"நல்லாத்தானே ஓடுது?"

"இந்த ஒருத்தரோட பதிவைப் பாருங்க. இவருக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் மட்டும்தான் இருக்கான். காலையிலிருந்து மண்டையை உடைச்சுக்கிறேன்."

அந்த மனிதர் அனுப்பிய படிவத்தை அவர் அப்படியே திறந்து காட்டினார். பிள்ளைகள்: ஒன்று. அதன் கீழே, 'எனக்கு வேறு பிள்ளைகள் இல்லை' என்ற கட்டத்தில் டிக்.

"உன் மேல தப்பே இல்லம்மா. அவர் கொடுத்ததே அவ்வளவுதான். ஆமா, பொண்ணு இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

யாரும் ஒரு பிள்ளையை மறந்து விட்டுவிடக் கூடாதென்று அவளே யோசித்து வைத்த கட்டம் அது. அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"அப்பா, அந்த ஆன்லைன் ஃபாரத்துல என் பேரையும் போட்டீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? உன் பேரைத்தான் முதல்ல போட்டேன்."