வெயிலில் ஒரு கதிரை

செட்டிகுளம் வீதியில் ஜொஹறா புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடையில் ஆறு கதிரைகளும் ஒரு ஃபேனும் இருந்தன. அயலவர்கள் இன்னும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

துணிந்து சாப்பிட வந்தவன் நிருஷன் ஒருவன்தான். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானத்துக்கும் நடுவில், பத்தரைக்கு வருவான். கதிரையைத் தூக்கிப்போய் வீதியோரம் கொளுத்தும் வெயிலில் போடுவான். இடியப்பத்தைச் சொதியில் தோய்த்து ஒவ்வொரு வாயாக உயர்த்தி உயர்த்திச் சாப்பிடுவான். பால்கோப்பியை அண்ணாந்து குடிப்பான்.

ஒரு கிழமையாக இதே கூத்து. ஜொஹறாவுக்கு நெஞ்சு எரிந்தது. கடைக்குள் மனிசர் இருக்க ஏலாது என்று ஊருக்கே காட்டுகிறானா?

“ஏன் தம்பி, உள்ளுக்குக் கதிரையில மூட்டைப்பூச்சியா கடிக்குது? ஃபேன் சும்மா சுத்துது.”

“கடையில ஒரு குறையுமில்லை அக்கா. எனக்கு இதில இருந்தாத்தான் சரி.”

எட்டாம் நாள் மழை. அன்றும் அவன் வெளியேதான். பொறுக்கமாட்டாமல் ஜொஹறா குடையோடு ஓடினாள்.

“சொதிக்குள்ள மழைத்தண்ணி விழுகுது. உங்களுக்கென்ன விசரா?”

“குடை என்னை மறைக்குது. விலத்துங்கோ அக்கா.”

அவன் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள். வீதிக்கு அப்பால், போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்திருந்த முகாமின் முள்வேலிக்குப் பின்னால், நனைந்தபடி ஒரு தாய் நின்றாள். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், ‘சாப்பிட்டியா?’ என்று சைகையால் கேட்டாள்.

“என்ர அம்மா. கிட்டப்போய்ப் பாக்க ஆமிக்காரங்கள் விடுறாங்களில்லை, கதைச்சாலும் கேக்காது. தண்ணி வரிசை முடிஞ்சு இந்த நேரம்தான் வேலிக்கு வருவா. நான் சாப்பிடுறதைக் கண்டாத்தான், அவா போய்ச் சாப்பிடுவா.”

ஜொஹறா குடையை மடக்கினாள்.

“இன்னும் ரெண்டு இடியப்பம் கொண்டு வாறன் மகன். நல்லா உயத்திச் சாப்பிடுங்க.”