யாழ்தேவியின் ஒன்பது பெட்டிகள்

கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்த குலசிங்கம் ஓரடி பின்வாங்கினார். வெளியே நின்றவன் கழுத்தில் ரை கட்டியிருந்தான். போதாக்குறைக்குக் கையில் ஒரு கறுப்பு ஃபைல்.

அகதியாக வந்து சேர்ந்த இந்த மோர்னிங்சைட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரை கட்டிக்கொண்டு கதவைத் தட்டுபவன் ஒன்றில் இன்ஷூரன்ஸ்காரன், இல்லாவிட்டால் வேதப் புத்தகம் விற்பவன். இவன் இரண்டும் இல்லை. நேற்றுப் போனில் கதைத்தவன் இவனாகத்தான் இருக்கவேண்டும். அவன் சொன்னது இன்னும் காதில் நின்றது.

"அண்ணை, என்ர பேர் வினோதன். யாழ்தேவி றெயிலை அப்பிடியே சின்ன மொடலாச் செய்யிறன். எண்பத்திரண்டில பெட்டியள் என்ன ஒழுங்கில கொழுவினவை எண்டு தெரியோணும். நீங்கள் அதில காட்டா இருந்தனீங்கள் எண்டு ஊர்ச்சனம் சொல்லுது."

"பிழையான ஆளுக்கு எடுத்திட்டீர்" என்று படக்கெனப் போனை வைத்தவர்தான். அதன்பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

பயப்படாமல் என்ன செய்வது? மூன்று வருடத்துக்கு முன், தொண்ணூறில், அவருடைய அகதிக் கேஸை எழுதிக் கொடுத்த மனுஷன், "அரசாங்க உத்தியோகமோ? அப்ப அரசாங்கத்துக்கு உம்மில என்ன கோவம் எண்டெல்லோ கேப்பாங்கள்!" என்று பயமுறுத்தினார். பதினொரு வருடம் ரயில் கார்டாகக் கொடி காட்டியவரைப் பலசரக்குக் கடைக்காரன் என்று எழுதிவிட்டார். கேஸும் வென்றது.

இப்போது மனைவி மங்கையற்கரசியும் மகள் கஜனியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். பொய் வெளிப்பட்டால் அவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. குடிவரவுக் கந்தோரார் தமிழ் ஆட்களை அனுப்பியே விசாரிப்பார்களாம் என்று வேலைத்தலத்தில் வேறு கதைத்தார்கள்.

மறுபடியும் தட்டினான். திறக்காவிட்டால் சந்தேகம் கூடும் என்று திறந்தார்.

"நான் கடை வச்சிருந்தனான் தம்பி. சுன்னாகத்தில. பருப்பு, சீனி, மண்ணெண்ணெய்." விசாரணையில் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தார்.

"பறவாயில்லை அண்ணை. றெயிலில போய் வந்திருப்பீங்கள்தானே. பாத்துச் சொல்லுங்கோ."

வினோதனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ரை முடிச்சு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. நனைந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இருக்கச் சொல்லாமலே கதிரையில் இருந்து, ஃபைலில் இருந்த மட்டைத் துண்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினான்.

குலசிங்கம் பேஸ்மென்ற் யன்னலைப் பார்த்தார். அங்கே குவிந்த பனியைத் தவிர ஒரு கோதாரியும் தெரியவில்லை. மேசைப் பக்கம் திரும்புவதில்லை என்றுதான் இருந்தார். கண் கேட்டால்தானே!

"இது எஞ்சின். அதுக்குப் பின்னால சாப்பாட்டுப் பெட்டி..."

"ஆர் ஐசே உமக்குச் சொன்னது? எஞ்சினுக்குப் பின்னால சாப்பாட்டுப் பெட்டியைக் கொழுவினா சனம் புகையையே தின்னுறது?" கை தன்பாட்டில் மட்டைகளை நகர்த்தியது. "முதல் சாமான் பெட்டி. பிறகு மூண்டாம் வகுப்பு நாலு. அதுக்குப் பிறகுதான் சாப்பாட்டுப் பெட்டி. பிறகு ரெண்டாம் வகுப்பு ரெண்டு. எழுபத்தொன்பதில இப்பிடி இல்லை, பிறகுதான் மாத்தினது. வருசப்பிறப்புக்கு இன்னும் ரெண்டு கொழுவுவம். கடைசியில என்ர பெட்டி..."

சொல் வெளியே வந்துவிட்டது. இனி அள்ளவா முடியும்?

கஜனிக்கு இப்போது பதினான்கு வயது. நான்கு வருடமாகக் கண்ணால் காணாத பிள்ளையின் வாழ்க்கையை ஒரு மட்டைத் துண்டுக்காகக் கெடுத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"அப்ப நீங்கள்தான்" என்றான் வினோதன். "காட் எந்தப் பக்கம் நிண்டு கொடி காட்டுறவர்? விசில் முதலோ, கொடி முதலோ?"

இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னார். வவுனியாவில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதும், பிந்தினால் எந்தப் புத்தகத்தில் காரணம் எழுதவேண்டும் என்பதும் கூட வந்துவிட்டன. அவன் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பெட்டிகளின் நிறத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, "அது பிறகு பாப்பம் அண்ணை" என்று தடுத்தான். சாப்பாட்டுப் பெட்டி எத்தனையாவது என்று மூன்றாம் தரமும் கேட்டான். பிறகு மட்டைகளைக் கலைத்துப்போட்டுத் தானே அடுக்கிக் காட்டினான். ஒன்பதும் சரி.

எல்லாம் ஃபைலுக்குள் போனது. அவன் எழுந்ததும் குலசிங்கம் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. அதுவும் தாயும் எனக்காகத்தான் லொட்ஜில கிடக்குதுகள். நான் காட் எண்டு மேலிடத்தில சொல்லிப் போடாதையும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

உண்மையாகவே கும்பிட்டார். வினோதன் ஃபைலைப் போட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்தான்.

"ஐயோ அண்ணை, மொடலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! நாளைக்கு எனக்கு அகதிக் கேஸ் விசாரணை, நான் யாழ்தேவி காட் எண்டெல்லோ எழுதிக் குடுத்திருக்கிறாங்கள்!"