புளிக்குதுல்ல?

“உன் பிக்பூல் திராட்சையக் கலந்ததுல என் வெள்ளை ஒயினே புளிச்சுப்போச்சு, ஃபுல்க்ரான்.”

“புளிக்கலேன்னா அது சர்க்கரைத் தண்ணி, எஸ்தெல். முதல்ல நாக்கக் கழுவிட்டு வா.”

விதவை எஸ்தெலும் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து ஃபுல்க்ரானும் கூட்டாக ஒயின் செய்பவர்கள். வசந்தத்தில் பீப்பாய் திறந்தால் வருஷாவருஷம் இந்தச் சண்டைதான். நான் என் வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்பேன்.

போன குளிர்காலத்தில் ஃபுல்க்ரான் பெசியே நகரத்து மருந்துக்கடைக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனார்.

இந்த வசந்தத்தில் எஸ்தெல் கோப்பையோடு என் வாசலுக்கு வந்தாள்.

“குடிச்சுப் பாரு. புளிக்குதுல்ல?”

“இல்லையே, பிரமாதமா இருக்கு.”

கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

அப்புறம்தான் ஊர் டாக்டரின் மனைவி சொன்னாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய காய்ச்சலிலேயே எஸ்தெலுக்கு நாக்கில் ருசி அடியோடு போய்விட்டதாம். எனக்கே தெரியாமல் இந்த ஊரில் ஒரு சங்கதி.

ஃபுல்க்ரானுக்குப் பதிலாக நான் சண்டைக்குத் தயாரானபோது, அவள் தோட்டத்தை விற்றுவிட்டு நீம் நகரத்துத் தங்கை வீட்டோடு போயிருந்தாள்.